கண்ணாடிக்குள் நுழையும் ஹைட்ரஜன்

கேள்வி: கடலடி ஒளியிழைக் கேபிள்களுக்கு உப்புநீரைப் போலவே ஹைட்ரஜனும் எதிரி என்று படித்தேன். கடலுக்குள் ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? இழைகளை அதிலிருந்து எப்படிக் காக்கிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் அது கேபிளுக்குள்ளேயே பிறக்கிறது. வலுவுக்காகச் சுற்றப்பட்ட எஃகுக் கம்பிகளும் அவற்றின் மேல் பூசிய துத்தநாகமும் உப்புநீரில் அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அரிமானம் இன்னும் விரைவாகும்.

ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால், இடைவெளியே இல்லாததாக நமக்குத் தோன்றும் கண்ணாடிக்குள்ளும் அது புகுந்துவிடுகிறது. புகுந்தபின் வினை எதுவும் புரியாமல் தங்கியிருந்தாலும் 1240 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளியை உறிஞ்சும். ஆனால், வரத்து நின்றால் அது மெல்ல வெளியேறிவிடும், இழையும் பழைய நிலைக்குத் திரும்பும். கண்ணாடியின் பிணைப்புக் குறைகளோடு வினைபுரிந்து ஹைட்ராக்சிலாக (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்த தொகுதி) மாறிவிட்டாலோ, 1383 நானோமீட்டரை ஒட்டி எழும் ஒளியிழப்பு நிலைத்துவிடும். பொறியாளர்கள் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான்.

1980களின் தொடக்கத்தில் இச்சிக்கல் தெரியவந்தபோது, அக்கால இழைகளின் உள்ளகத்தில் (ஒளி செல்லும் நடுப்பகுதி) சேர்க்கப்பட்ட பாஸ்பரஸ் இந்த வினைக்கு எளிதில் இடம்கொடுப்பதும், அதனால் 1550 நானோமீட்டர் வரை இழப்பு பரவுவதும் கண்டறியப்பட்டன. உள்ளகத்திலிருந்து பாஸ்பரஸை நீக்கியதையே நான் முதன்மையான தீர்வாகக் கருதுகிறேன். பின்னால் வந்த கவசங்களெல்லாம் அதற்குத் துணைதான். பிற்காலத்தில், இழையை முன்கூட்டியே, ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் வாயுவில் வைத்து, குறைகளை அதனோடு வினைபுரியச் செய்துவிடும் முறையும் வந்தது. அவ்வாறு உண்டாகும் உறிஞ்சல் தொலைத்தொடர்பு அலைநீளங்களுக்கு அப்பால் விழுவதால் தொல்லை இல்லை.

கடலடிக் கேபிள்கள் பலவற்றில் இழைகளைச் சூழ்ந்து பற்றவைத்த செம்புக் குழாய் இருக்கும். வழியில் மங்கும் ஒளியை வலுப்படுத்தும் இடைவழிப் பெருக்கிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் அதுவே ஹைட்ரஜனையும் தடுக்கிறது. ஆனால், வெளி வாயுவை விடாத குழாய் உள்ளே உண்டாகும் வாயுவையும் வெளியேற விடாது! ஆகவேதான் சில கேபிள்களில் இழைகளைச் சுற்றி நிரப்பும் ஜெல்லியில், ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதற்காகப் பலேடியம் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள்.

இழையின் மீதே மிக மெல்லிய கார்பன் படலம் பூசுவது இன்னொரு வழி. சாதாரண வெப்பநிலையில் அது நன்கு தடுக்கும். எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கப்படும் இழைகளிலோ, அங்குள்ள கடும் வெப்பத்தில் அதன் தடுப்பாற்றல் குறைந்துவிடும். இரு இழைகளை உருக்கி இணைக்கும் ஸ்ப்ளைஸ் இடத்தில் அந்தப் படலம் எரிந்துபோகும் என்பதால், அங்கே மீண்டும் பூச வேண்டும், இல்லையேல் அந்தச் சிறு நீளம் பாதுகாப்பின்றியே கிடக்கும்.