‘மோடாக் வீரன்’ படத்தை வாங்கலாமா?

கேள்வி: சாக்ரமென்டோவில் வசிக்கிறோம். கோடை விடுமுறையில் லாவா பெட்ஸ் தேசிய நினைவிடத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு பழம்பொருள் கடையில் 1873 மோடாக் போரில் (மோடாக் பழங்குடியினருக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் லாவா பெட்ஸில் நடந்த சண்டை) எடுத்த இரட்டைப் பட அட்டை ஒன்றைக் காட்டினார்கள். ஒரே காட்சியின் இரண்டு படங்களை அருகருகே ஒட்டியது. பாறைக்குப் பின்னால் துப்பாக்கியுடன் ஒருவர். கீழே ‘போருக்குக் கிளம்பிய மோடாக் வீரன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. கூடவே, மோடாக் தலைவர் கேப்டன் ஜாக்கின் ஆட்கள் சுட்டது என்று ஒரு தோட்டா உறை. அதன் அடியில் ஆர், எஃப், 3, 82 என்று பொறித்திருக்கிறது. இரண்டுக்கும் முத்திரையிட்ட சான்றிதழ் தருவார்களாம். விலை 450 டாலர். வாங்கலாமா? சென்னைக்குக் கொண்டுவர முடியுமா? இன்னொரு விஷயம்: என் மகன் அங்கே பாதையோரம் கிடந்த கறுப்புக் கண்ணாடிக் கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அம்புமுனை எடுத்தால் குற்றமில்லை என்கிறார் கடைக்காரர். சரிதானா?

பதில்: தோட்டாவை வாங்க வேண்டாம். அட்டையை வாங்கலாம், ஆனால் கடைக்காரர் சொல்லும் கதைக்கென்று ஒரு டாலர்கூடச் சேர்த்துத் தராதீர்கள். கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவசரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் தோட்டா, ஏனென்றால் அதற்கு இரண்டு நிமிடம் போதும். அடியில் இருக்கும் எழுத்துகளைக் கடைக்காரர் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆர் என்றால் ரைஃபிள். எஃப் என்றால் ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதசாலை. 3 என்பது மார்ச் மாதம். 82 என்பது 1882. போர் 1873 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. அந்த ஆயுதசாலை இப்படி மாதமும் வருடமும் பொறிக்கத் தொடங்கியதே 1877-இல்தான். ஆகவே, அடியில் தேதி இருக்கிறது என்பதே இது அந்தப் போரைச் சேர்ந்ததல்ல என்பதற்குச் சாட்சி. லாவா பெட்ஸில் சண்டையிட்ட சிப்பாய்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் அரை அங்குலக் குண்டு போடும் துப்பாக்கிகள். அவற்றின் செப்பு உறையின் அடிப்பக்கம் மொட்டையாக இருக்கும்.

நாளைக்கு அவர் மொட்டை உறை ஒன்றையே எடுத்து நீட்டலாம். அப்போதும் ‘கேப்டன் ஜாக்கின் ஆட்கள் சுட்டது’ என்பதை எப்படி நிரூபிப்பார்? அவர்களிடம் இருந்த துப்பாக்கிகளில் பல, குழாய் வழியாக மருந்தும் குண்டும் கிட்டிக்கும் பழைய வகை. அவற்றில் சுட்டால் உலோக உறை எதுவும் கீழே விழாது. மற்றபடி சிப்பாய்கள் விட்டுப்போன துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துத்தான் சுட்டார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. விரல் யாருடையது என்று செம்பு சொல்லாது. சான்றிதழ் சொல்கிறதே என்பீர்கள். சான்றிதழை யார் எழுதியது? விற்கிறவர்தானே.

இந்தச் சான்றிதழ் வியாதியைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு சான்றிதழை நம்பி ஒரு படம் வாங்கியவன். மெழுகு முத்திரை, ரிப்பன், இரண்டு பக்கக் கையெழுத்து. வீட்டுக்கு வந்து நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வானம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், நாளிதழ்ப் படம்போல. அச்சகத்தில் அடித்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: சான்றிதழ் எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவு நேரம் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

இனி அட்டை. அந்தப் படம் எனக்குத் தெரிந்த படம்தான். எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைத் தொடுவதில்லை என்று 1878-இல் வரிசையாகப் படம் எடுத்துக் காட்டினாரே, அவர்தான். 1873-இல் ராணுவத்துக்காக லாவா பெட்ஸ் போய் எடுத்த படங்களை சான்பிரான்சிஸ்கோவின் பிராட்லி அண்ட் ருலோஃப்சன் நிறுவனம் இரட்டைப் பட அட்டைகளாக வெளியிட்டது. அந்தப் பெயர் அட்டையின் ஓரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பூதக்கண்ணாடி. புள்ளிகள் தெரிந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அசல் என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாள். புள்ளி இருக்காது, தாளின் நார் தெரியும், வெளிச்சமான இடங்கள் மஞ்சள் பாரித்திருக்கும். இடது படத்தையும் வலது படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டு லென்ஸில் எடுத்தவை என்பதால், பாறை விளிம்புக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளி மயிரிழை மாறியிருக்க வேண்டும். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தால், யாரோ ஒரு பாதியை நகலெடுத்து இரண்டாக ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல பிரின்டரும் தேநீர்க் கறையும் கையில் இருப்பவன் ஒரு மத்தியான நேரத்தில் ‘1873’ தயார் செய்துவிடுவான்.

சரி, அட்டை அசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பெரிய வேடிக்கை. அதில் இருப்பவர் மோடாக் அல்ல. வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியைச் சேர்ந்தவர். ராணுவத்தின் பக்கம் நின்று மோடாக்குகளைத் தேட ஓரிகானிலிருந்து ஏப்ரல் மாதம் கூட்டிவரப்பட்ட ஒற்றர்களில் ஒருவர். மைபிரிட்ஜ் அவரைப் பாறைக்குப் பின்னால் உட்காரவைத்து, துப்பாக்கியை நீட்டச் சொல்லி எடுத்தார். வேறு வழியும் இல்லை. அன்றைய கேமராவுக்குக் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். சண்டை நடக்கும் இடத்தில் அது ஆகிற காரியமா? தவிர, மோடாக்குகள் யார் கண்ணிலும் படவில்லை. 1873 ஜனவரி 17 அன்று முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் பனிமூட்டத்துக்குள், மோடாக்குகள் பதுங்கியிருந்த எரிமலைப் பாறைக்கோட்டையை நோக்கிப் போனார்கள். எதிரே இருந்தது ஐம்பது அறுபது பேர், குடும்பத்தோடு. நாள் முழுக்கச் சுட்டும், தங்களைச் சுட்டவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிய சிப்பாய்கள்தான் அதிகம். ராணுவத் தரப்பில் பலர் இறந்தார்கள், காயம்பட்டார்கள். மோடாக்குகளில் ஒருவரும் சாகவில்லை. கண்ணிலேயே படாதவர்களைப் படம்பிடிக்க முடியாது. ஆனால் சான்பிரான்சிஸ்கோ வாடிக்கையாளருக்கு ஒரு மோடாக் முகம் வேண்டியிருந்தது. மோடாக்குகளின் எதிரியின் முகத்துக்கே மோடாக் என்று பெயர் எழுதி விற்றார்கள்.

ஆகவே அசல் அட்டை ஒன்று பொய் சொல்ல முடியும். 150 வருடம் பழைய பொய், அவ்வளவுதான். வாங்குவதில் தவறில்லை. ஒரு வார்ம் ஸ்பிரிங்ஸ் ஒற்றரின் படத்துக்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள்.

உண்மையான மோடாக் முகங்கள் வேண்டுமென்றால் லூயிஸ் ஹெல்லர் எடுத்த படங்களைத் தேடுங்கள். பிடிபட்ட பிறகு, கைதிகளாக இருந்தபோது எடுத்தவை. கேப்டன் ஜாக், அவருடைய சொந்தப் பெயர் கின்ட்புவாஷ், அதில் இருக்கிறார். அட்டையில் வாட்கின்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். வாட்கின்ஸ் வெளியிட்டவர், எடுத்தவர் ஹெல்லர். அந்த அட்டைகளில் ஒரு விசேஷம்: இந்த மோடாக் கைதியைப் படமெடுத்தவர் ஹெல்லர்தான் என்று காவலுக்குப் பொறுப்பான கேப்டன் கையொப்பத்தோடு ஒரு சான்று அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே, எனக்கும் இது தெரியும் என்று படைத்தலைவர் ஜெஃப் டேவிஸின் பெயர். நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சான்றிதழ் அது. ஒரு படம் அசல்தான் என்று சொல்ல ராணுவத்தில் இரண்டு அதிகாரிகள் கிடைத்தார்கள். அதே வருடம் ஜூலையில் ஃபோர்ட் கிளாமத்தில் அதே கைதிகளை ராணுவ விசாரணைக் குழு விசாரித்தபோது, அவர்களுக்காகப் பேச ஒரு வக்கீல்கூட இல்லை. ஏப்ரல் 11 அன்று சமாதானப் பேச்சு நடந்த இடத்தில் ஜெனரல் கேன்பியையும் பாதிரியார் தாமஸையும் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. கொன்றது உண்மைதான். ஆனால் 1872 நவம்பரில் டூலி ஏரிக்கரையில் குடியேறிகளைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் ஹூக்கர் ஜிம், பிறகு ராணுவத்தோடு சேர்ந்து தன் தலைவனையே வேட்டையாடிக் கொடுத்ததால் தண்டனை இல்லாமல் தப்பினான். அந்த விசாரணையின் லட்சணம் அது.

அக்டோபர் 3 அன்று நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். கயிற்றின் துண்டுகள் நினைவுப் பொருளாக விலைபோயின. இன்றைக்கும் ‘கேப்டன் ஜாக்கின் தூக்குக் கயிறு’, ‘தலைமுடி’ என்று யாராவது காட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள். பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் அதைவிட மோசம், மனித உடலின் மிச்சத்தை வாங்கிய ஆளாகிவிடுவீர்கள். அந்த நால்வரின் தலைகளை வெட்டி வாஷிங்டனில் இருந்த ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. உறவினர்களிடம் திரும்பி வந்தது 1984-இல். 111 வருடம்! பழங்குடியினரின் எலும்புகளைத் திருப்பித் தர அருங்காட்சியகங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் 1989-லும் 1990-லும்தான் வந்தன. வந்த பிறகும் பட்டியல் போடுகிறோம், ஆராய்கிறோம் என்று இழுத்தடித்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்கள் கேள்விக்கு இடம் இருக்காது.

இனி உங்கள் மகனின் கல். கடைக்காரர் சொன்னது முழுப் பொய் அல்ல; அதனால்தான் ஆபத்து. 1979-ஆம் ஆண்டின் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு நிலத்திலிருந்து 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பதும் விற்பதும் குற்றம் என்கிறது. அதில் ஒரு விலக்கு: தரையின் மேற்பரப்பில் கிடக்கும் அம்புமுனையை எடுத்தால் அந்தச் சட்டத்தின் தண்டனை பொருந்தாது. இதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். பொறுமையாகக் கேளுங்கள். தண்டனை பொருந்தாது என்றால் பொருள் உங்களுடையது என்று அர்த்தமல்ல. அது அப்போதும் அரசின் சொத்து. மேற்பரப்பு என்றால் மேற்பரப்பு. செருப்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டி எடுத்தால் அது மேற்பரப்பு அல்ல. அம்புமுனை என்றால் அம்புமுனை. கத்தி, சுரண்டி, உடைத்த சில்லு எதுவும் அதில் சேராது. எல்லாவற்றுக்கும் மேலே, இது அந்த ஒரு சட்டத்தின் விலக்கு. லாவா பெட்ஸ் 1925 முதல் தேசிய நினைவிடம். தேசியப் பூங்காத் துறைக்கென்று தனி விதிகள் உண்டு. அவற்றின்படி அம்புமுனை என்ன, சாதாரணக் கல்லைக்கூட எடுக்கக் கூடாது. ஒரு சட்டம் விட்டதை இன்னொரு விதி பிடித்துக்கொள்கிறது. இதை நுழைவாயில் பலகையில் நான்கு வரியில் எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

அது சாதாரணக் கல்லும் அல்ல. கேப்டன் ஜாக்கின் கோட்டை இருக்கும் பாறை பசால்ட். கறுப்புதான், ஆனால் சொரசொரப்பாக, துளைத்துளையாக இருக்கும். கண்ணாடிபோலப் பளபளத்து, விளிம்பு கையைக் கிழிக்கிறது என்றால் அது ஆப்சிடியன், எரிமலைக் கண்ணாடி. தெற்கே கிளாஸ் மவுன்டன் பக்கத்தில் மலைமலையாகக் கிடக்கிறது. கோட்டைப் பாதையோரம் அது கிடந்தால், பெரும்பாலும் ஒரு மனிதக் கை கொண்டுவந்து போட்டது. அதன் மதிப்பே கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே நீங்களே போய் எங்காவது போட்டுவிட்டு வராதீர்கள். பெயர் எழுதாமல் தபாலிலும் அனுப்பாதீர்கள். நினைவிட அலுவலகத்தை அழைத்து, குழந்தை எடுத்துவிட்டான், திருப்பித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். அன்று எடுத்த செல்போன் படங்களில் அந்த இடம் இருந்தால் அதையும் கொடுங்கள். தானாக முன்வந்து திருப்பித் தரும் குடும்பத்தை எந்த வனக்காவலரும் கடித்துவிட மாட்டார்.

கடைக்காரரிடம் திரும்பப் போனால், தோட்டா எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். ‘என் தாத்தாவின் பண்ணை’ என்பார். தனியார் நிலத்தில் எடுத்ததற்குச் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு தாத்தா. ஒவ்வொரு தாத்தாவுக்கும் போர் நடந்த இடத்தை ஒட்டி ஒரு பண்ணை. பண்ணையின் பெயர், உரிமையாளரின் எழுத்து, எடுத்த தேதி என்று கேட்டால் பேச்சு வானிலைக்கு மாறும்.

சென்னைக்குக் கொண்டுவருவதைப் பொறுத்தவரை, அட்டை தொல்பொருள் அல்ல, வெறும் புகைப்படம். அமெரிக்காவிலிருந்து வெளியே வரத் தடையில்லை. ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழங்குடியினரின் பண்பாட்டுப் பொருள் என்றால் கதை வேறு. களவாக எடுத்ததை ஏற்றுமதி செய்வதற்கு எதிராக 2022-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஒன்று மட்டும்: இங்கே கொண்டுவந்த பிறகு மறுபடி வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைத்தால், நம்முடைய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 வருடப் பழமை என்றாலே கையை நீட்டும். கலிஃபோர்னியாவில் எடுத்த படம் ஐயா என்று மேசை மேசையாக விளக்க உங்களுக்குத் தெம்பு இருந்தால் சரி. இல்லையென்றால் அட்டை சாக்ரமென்டோ வீட்டிலேயே இருக்கட்டும்.

வாங்கினால், ஒட்டும் ஆல்பத்தில் வைக்காதீர்கள். அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். அட்டையில் எதுவும் எழுத வேண்டாம். தனியாக ஒரு தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் சேர்த்து வையுங்கள்: ‘இவர் மோடாக் அல்லர். வார்ம் ஸ்பிரிங்ஸ் ஒற்றர், 1873.’