ஏரிக்கரையில் இரவு தங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறார்கள். வரும் ஜூலையில் எங்களையும் அழைத்துக்கொண்டு, எல்லோஸ்டோன் பூங்காவின் ஏரிக்கரையில் கேரவனில் நான்கு இரவு தங்கலாம் என்கிறார் மருமகன். பேரனோ, கூடாரத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறான். எனக்கு வயது 62. என் கணவருக்கு 68, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இது எங்களுக்குச் சரிப்பட்டு வருமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சரிப்பட்டு வரும் அம்மா, ஆனால் இரவை நினைத்துத்தான் மூட்டை கட்ட வேண்டும். எல்லோஸ்டோன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 2,357 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் போய் வந்திருப்பீர்கள் என்றால், அதைவிடச் சற்றே அதிக உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து நேரே அங்கே போய் இறங்கினால் தலைவலியும் தூக்கமின்மையும் வரக்கூடும்; ஆனால் டென்வரே 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால், மகள் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டுப் புறப்பட்டால் உடம்பு பாதி பழகிவிடும். மலைநோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரத் தொடங்குகிறது என்றாலும், உங்கள் கணவர் தம் மருத்துவரிடம் பயண உயரத்தைச் சொல்லி, மாத்திரை அளவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு கிளம்புவதே முறை. அங்கே காற்று வறண்டது. நம் ஊரில் சட்டை நனைந்தால்தான் வியர்த்தது தெரியும். அங்கே வியர்வை வந்த சுவடே இல்லாமல் உலர்ந்துவிடுவதால், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேரவனா கூடாரமா என்பதை அங்கே முடிவு செய்வது நீங்களோ பேரனோ அல்ல, கரடிதான். ஏரியின் வடகரையில் உள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் தங்குமிடத்தில் கெட்டிச் சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே இடம் தருகிறார்கள். துணிக்கூடாரத்துக்கும், துணியால் விரியும் வண்டிக்கும் அனுமதி கிடையாது, ஏனென்றால் அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் என மூன்று இணைப்பும் வண்டிக்கே கிடைப்பதும் அங்கேதான். சற்றுத் தள்ளியுள்ள பிரிட்ஜ் பே தங்குமிடத்தில் கூடாரம் அடிக்கலாம். ஆனால் அங்கே இணைப்புகள் இல்லாததால், வண்டியின் தொட்டியில் உள்ள தண்ணீரையும் பேட்டரியையும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். மருமகன் எதில் முன்பதிவு செய்திருக்கிறார் என்று இன்றே கேட்டுவிடுங்கள். பேரனின் வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

கூடாரம்தான் என்று ஆகிவிட்டால், போர்வையைவிடப் படுக்கைக்கு அதிகக் கவனம் கொடுங்கள். ஜூலையிலும் விடியற்காலையில் குளிர் பூஜ்ய டிகிரியை நெருங்குவதுண்டு, அந்தக் குளிர் மேலிருந்து இறங்குவதைவிடத் தரையிலிருந்துதான் ஏறும். ஆசையாகப் பத்தமடைப் பாயைச் சுருட்டி எடுத்துப் போய்விடாதீர்கள்; நம் வெயிலுக்கு உடம்பைக் குளிர்விக்க நெய்த பாய் அது. இரண்டு விரல் கனத்துக்குக் காற்றோ ஃபோமோ அடைத்த மெத்தை கட்டாயம் வேண்டும். இன்னொன்று: குளிர் தாங்கவில்லை என்று அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் மூட்டி வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்கக் கூடாது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி: மலை உயரத்தில் சோறு வேகாது என்கிறார்களே, உண்மையா? கருவாடு, ஊறுகாய், இட்லி மாவு எல்லாம் கொண்டுபோகலாமா?
– அதே வாசகி

பதில்: சோறு வேகும், தாமதமாகும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது என்பது கைக்கணக்கு. அந்த ஏரிக்கரையில் அது 92 டிகிரி அளவிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நம்பித் திறந்த பானையை இறக்கினால், அரிசியின் நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கும். குக்கர் இருந்தால் கவலையில்லை, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் போதும். பருப்புக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது. ஆகவே முதல் நாளுக்கு டென்வரிலேயே இட்லி அவித்து, எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

கருவாடு வேண்டவே வேண்டாம். சாப்பாடு, ஊறுகாய், ஏன், பற்பசையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும்கூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது; கரடியின் மூக்குக்கு இவை எல்லாமே தீனிதான். இடத்துக்கு இடம் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலோ, பூட்டிய வண்டியிலோதான் வைக்க வேண்டும். கரடி, ஓநாய் இவற்றிடமிருந்து 91 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது அந்தப் பூங்காவின் விதி. காட்டெருமைக்கு 23 மீட்டர். படம் எடுக்கும் ஆசையில் பேரன் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேரவனில் கழிவறை இருக்கிறதாமே, அது எங்கே போகும்?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: எங்கும் போகாது, வண்டிக்கு அடியிலேயே தங்கும். கழிவறைக்கு ஒரு தொட்டி, குளிக்கும் நீருக்கும் பாத்திரம் கழுவும் நீருக்கும் இன்னொரு தொட்டி. தொட்டிகளைக் காலி செய்யவென ஒதுக்கிய இடத்தில் குழாயை மாட்டி, கழிவறைத் தொட்டியை முதலிலும் குளியல் நீரை அடுத்தும் திறக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். மாற்றித் திறந்தவர்கள் இரண்டாம் முறை மாற்றித் திறப்பதில்லை.

கேள்வி: அமெரிக்கா எதற்கு? காரையாறு அணைக்கரையிலோ, மாஞ்சோலைக்கு மேலே மேல் கோதையாற்று நீர்த்தேக்கத்தின் கரையிலோ நண்பர்களோடு கூடாரம் அடித்துத் தங்க வழி உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. முண்டந்துறை, களக்காடு சரணாலயங்களை இணைத்து 1988-இல் அமைத்த புலிகள் காப்பகம் அது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் அதுவே. வனத்துறையின் அனுமதியோடு, அவர்கள் வகுத்த நேரத்தில், வகுத்த பாதையில் போய்வருவதுதான் முறையே தவிர, நாமாக ஓரிடம் பார்த்துக் கூடாரம் அடிப்பது குற்றமாகும். காரையாறு உயரமான இடமும் அல்ல. அங்கே குளிரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் ஆற்றங்கரையில் கூடாரம் என்பது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டு நாள்கணக்கில் தங்கியவர்கள் நாம். காட்டையும் ஆற்றையும் கருதி அந்தத் தங்கலுக்கு இப்போது கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. சிறுவயதில் ஒருமுறை, தண்ணீர் எடுக்க வசதி என்று ஆற்றை ஒட்டிய மணல்திட்டில் நான்கு கம்பு ஊன்றித் தார்ப்பாயைக் கட்டினோம். எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்லை. மேலே எங்கோ பெய்திருக்கிறது. நள்ளிரவில் பெரியப்பா என் காலைப் பிடித்து இழுத்தபோது, விரித்திருந்த சாக்கின் ஓரம் நனைந்து, அரிசிப் பானை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, எந்த நீர்க்கரையானாலும், பழைய சருகும் குச்சியும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். தண்ணீர் முன்பு எதுவரை வந்தது என்பதைச் சொல்லும் கோடு அது. அதற்கு மேலேதான் கூடாரம்.

கேள்வி: கொடைக்கானலில் தனியார் தோட்டம் ஒன்றில் கூடாரத்தில் தங்கினோம். மழையே பெய்யவில்லை, ஆனால் காலையில் போர்வையெல்லாம் ஈரம். கூடாரம் ஓட்டையா?
– வாசகி, தென்காசி

பதில்: ஓட்டை இருந்திருந்தால் இப்படி நனைந்திருக்காது. குளிருக்குப் பயந்து காற்று வரும் திறப்பையெல்லாம் இழுத்து மூடியிருப்பீர்கள். உள்ளே படுத்தவர்கள் இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டியிருக்கிறது. சோற்றுப் பானை மூடியின் உட்புறத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மேல்பக்கத்துத் திறப்பைக் கையகலமாவது விட்டுவையுங்கள். குளிர்காற்று தேங்கும் பள்ளத்தையும் நீரோரத்தையும் விட்டுச் சற்று மேடான இடத்தில் அடியுங்கள். காலையில் வெயில் முதலில் விழும் பக்கம் எது என்று முந்தைய நாளே தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டால், எழுந்ததும் போர்வையைக் காயப்போட வசதியாக இருக்கும்.