ஒஸ்லோவில் அரை நாளில் நோபல் அமைதி மையம்

நோபல் அமைதி மையம் என்பது நோபல் அமைதிப் பரிசைப் பற்றிய அருங்காட்சியகம். பரிசு வழங்கும் மண்டபமும் இதே கட்டடத்தில்தானா என்று கேட்பீர்கள். இல்லை. 1990 முதல் டிசம்பர் 10 பரிசு விழா நடப்பது எதிரிலுள்ள நகர மன்றக் கட்டடத்தில். அந்தக் கட்டடத்தைப் பார்க்கக் கட்டணமில்லை, ஆனால் நிகழ்ச்சி இருந்தால் மூடிவிடுவார்கள்.

மையம் இருப்பது பழைய வெஸ்ட்பானன் ரயில் நிலையத்தில். விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்தால் நேஷனல்தியேட்டரே நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து நடைதான். மேப்பில் 'நோபல் இன்ஸ்டிடியூட்' என்று தேடினால் பரிசுக் குழுவின் அலுவலகத்துக்குப் போய்விடுவீர்கள், கவனம். குளிர்காலத்தில் மையத்துக்குத் திங்கள் விடுமுறை.

உள்ளே, இருட்டறையில் கண்ணாடி இழை விளக்குகளுக்கு நடுவே பரிசு பெற்றவர்களைக் காட்டும் சிறு திரைகள். அங்கே நிதானமாக நில்லுங்கள். 1921இல் அமைதிப் பரிசு வென்ற நார்வேக்காரர் கிறிஸ்டியன் லாங்கே பெற்ற அசல் தங்கப் பதக்கத்தையும் தவறவிடாதீர்கள். ஒஸ்லோ பாஸ் (நகரச் சுற்றுலா அட்டை) இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம்.