கடற்கரையில் ஓவியப் பட்டறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியை. கொரோனா காலத்தில் யூடியூப் பார்த்து நீர்வண்ணம் வரைய ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஐந்து நாள் ஓவியப் பட்டறை ஒன்று நடக்கப்போகிறது. தினமும் கடற்கரையில் உட்கார்ந்து வரைவார்களாம். போக ஆசை. வீட்டில், "வரையறதுக்கு ஏற்காடு பக்கத்துலயே இருக்கு, கடலுக்கு எதுக்கு?" என்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் வரையக் கூச்சமும் இருக்கிறது. போகலாமா?

சு., சேலம்

அன்புள்ள சு.,

கட்டாயம் போங்கள்.

வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான். வரையக் காட்சி வேண்டும் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். காப்பித் தோட்டம், சில்வர் ஓக், மலையை மூடும் பனி எல்லாம் அங்கே இருக்கிறது. நான் உங்களைக் கடலுக்குப் போகச் சொல்வது அங்கிருக்கும் காற்றுக்காக.

நீர்வண்ணத்தில் பாதி வேலையைச் செய்வது தாளில் இருக்கும் தண்ணீர். ஈரம் பளபளவென்று மின்னும்போது வண்ணத்தை வைத்தால் அது தன் போக்கில் ஓடிப் பரவும். மினுமினுப்பு மங்கும் நேரத்தில் வைத்தால் ஓரம் மென்மையாக, வைத்த இடத்திலேயே நிற்கும். அதற்கும் பிறகு, பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் மிகுந்த பிரஷ் பட்டால் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கறையாக நிற்கும். ஓவியர்கள் அதைக் காலிஃபிளவர் என்பார்கள். இந்த மூன்று நிலைக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் வானத்தின் ஒரு முனையைத் தீட்டி மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். ஏற்காட்டுப் பனியிலோ காத்திருந்தே பொழுது போய்விடும்.

கடற்கரையில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். காலையில் காற்று அசையாமல் ஈரப்பதம் கூடியிருக்கும், தாள் மெதுவாகக் காயும். வெயில் ஏறிக் கடற்காற்று வீச ஆரம்பித்ததும் அதே தாள், அதே வண்ணம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வீடியோவில் சொன்ன "இரண்டு நிமிடம் பொறுங்கள்" அங்கே உதவாது. தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தாளின் மினுமினுப்பைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்த ஊரிலும் வரையலாம். ஆசிரியர் வரையும்போது அவர் படத்தைவிட, பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி எதற்காகக் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். வீடியோவில் பெரும்பாலும் வெட்டி எறிவது அந்த நேரத்தைத்தான்.

இன்னொன்று அலை நுரை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள்தான். நுரை எங்கே வரும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அந்த இடத்தைத் தொடாமல் சுற்றி வரைய வேண்டும். நம் சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்து மேடுகளை வரைவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வெயிலில் கண் கூசும் அந்த வெள்ளையை நம்மவர்கள் யாராவது நன்றாக வரைய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

கூச்சத்துக்கு வருவோம். மாமல்லபுரம் போகும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966-இல், சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்து உருவாக்கியது. மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களை விற்றுச் செலவைச் சமாளித்துக்கொண்டு, ஒருவர் கண்ணெதிரே இன்னொருவர் வரைந்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருந்த பணிக்கரின் புகழ்பெற்ற 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் இருப்பது எழுத்துகளும் எண்களும் கட்டங்களும்தான். கணக்கு ஆசிரியைக்குப் பிடிக்கும். அங்கே காட்சிக்கூடம் இருக்கிறது, ஒரு மதியம் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் வரைகிறார் என்பதே கைக்குத் தைரியம் தரும். முதல் நாள் சாயங்காலம் எல்லோர் படங்களையும் சுவரோரம் வரிசையாக வைக்கும்போது கொஞ்சம் நெளிவீர்கள். அடுத்த நாள் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்களே சந்தேகம் கேட்பீர்கள்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆசிரியர் தினமும் எல்லோர் முன்னாலும் வரைந்து காட்டுவாரா? இல்லை என்றால் வேறு பட்டறை தேடலாம். தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளே வாங்குங்கள். வண்ணம் ஏழெட்டு போதும். தாள் பறக்காமல் இருக்கக் கிளிப், அப்புறம் ஒரு குடை. தாளில் நேர் வெயில் பட்டால் கண் ஏமாந்துவிடும், வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

சென்னை பஸ்ஸில் போனால் செங்கல்பட்டிலேயே இறங்கி மாமல்லபுரம் போய்விடலாம். திரும்பி வந்ததும் எழுதுங்கள். கெட்டுப்போன தாள்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், அவற்றைப் பற்றியும் பேசலாம்.