சிக்னல் நிறைவாக இருந்தும் குரல் உடைவது ஏன்?

வணக்கம். அமெரிக்காவில் உங்கள் கவுன்ட்டியின் தீயணைப்புத் துறையைக் கேட்க வாங்கிய டிஜிட்டல் ஸ்கேனரில் (வானொலிப் பேச்சைத் தேடிக் கேட்க உதவும் கருவி), சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் குரல் துண்டு துண்டாக உடைகிறது என்று எழுதி, பெரிய ஆன்டெனா வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள்.

உங்கள் தீயணைப்புத் துறை பேசும் வானொலி அமைப்பு பி25 சிமுல்காஸ்ட் வகை; பி25 என்பது அவசர சேவைகள் பயன்படுத்தும் டிஜிட்டல் வானொலி முறை, சிமுல்காஸ்ட் என்பது ஒரே நேர ஒலிபரப்பு. பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒரே பேச்சை அனுப்ப, அவை உங்கள் வீட்டை மைக்ரோநொடிக் கணக்கில் முன்னும் பின்னுமாக வந்தடைந்து ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், சாதாரண ஸ்கேனரால் குரலைச் சுமந்துவரும் டிஜிட்டல் எண்களைச் சரியாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. பெரிய ஆன்டெனா எல்லாக் கோபுரங்களையும் சேர்த்தே இழுத்து வரும்.

முதலில், வரும் சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் போட்டுப் பாருங்கள். அதன்பின் ஸ்கேனரைச் சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி, மேசை மீது சிறிது சிறிதாக நகர்த்துங்கள். 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அலைநீளமே சுமார் 35 சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு சாண் நகர்த்தினால்கூடக் குரல் தெளியக்கூடும். ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பிய யாகி ஆன்டெனாவும் (ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் வலுவாக வாங்குவது) உதவும்.

இவை பலிக்காவிட்டால், சிமுல்காஸ்ட்டை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்ட யுனிடன் நிறுவனத்தின் கையடக்க ஸ்கேனர் எஸ்டிஎஸ்100 அல்லது மேசையில் வைக்கும் எஸ்டிஎஸ்200 வாங்கலாம், விலை கூடுதல்தான். கணினியில் கை பழகியவரென்றால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் (கணினியின் யுஎஸ்பியில் செருகும் சிறு வானொலி வாங்கி) பி25 பேச்சைப் பிரித்தெடுக்கும் ஓபி25 மென்பொருளும் மிகக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும்.

எதற்கும், பணம் கட்டுமுன், ஊர்வாரியாக வானொலி அமைப்புகளைப் பட்டியலிடும் ரேடியோரெஃபரன்ஸ் இணையதளத்தில் உங்கள் கவுன்ட்டியின் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் கேட்க விரும்பும் பேச்சுக் குழு மறையாக்கம் செய்யப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தால், எந்த ஸ்கேனரும் அதைத் திறக்காது.