நுவரெலியா குளிரும் வாட்டர் கூலிங்கும்

கேள்வி: ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைவிட வேகமாக ஓட்ட, தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலிங் கம்ப்யூட்டர் ஒன்றை நானே பொருத்தப்போகிறேன். தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர், இங்குள்ள குளிருக்குச் சின்னதாக இருந்தால் போதாதா? பீலித் தண்ணீரையே (மலையிலிருந்து குழாய் வழியே வரும் நீர்) ஊற்றலாமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: பீலித் தண்ணீர் வேண்டவே வேண்டாம் தம்பி, குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதிலுள்ள உப்புகள் பிராசசர்மேல் பொருத்தும் பிளாக்கின் மெல்லிய செப்பு இடுக்குகளில் படிந்து அடைத்துவிடும், அதனால் காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். செப்பு பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டர் சேரவே சேராது, அலுமினியம் அரித்துப்போகும். குளிர் உதவும்தான், ஆனால் 1,868 மீட்டர் உயரத்தில் காற்றும் மெலிவு, அது சூட்டைக் குறைவாகவே கொண்டுபோகும், அதனால் ரேடியேட்டரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அப்புறம், மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, மூட்டுகளுக்குக் கீழே டிஷ்யூ விரித்து ஈரம் படுகிறதா என்று பாருங்கள்.