பியூரெட் அளவு ஒவ்வொரு முறையும் மாறுவது ஏன்?

கேள்வி: நான் கல்லூரி முதலாண்டு மாணவி. அமிலம், காரம் தரம் பார்த்தலை (ஒரு கரைசலில் இன்னொன்றைச் சிறிது சிறிதாக விட்டு, எவ்வளவு தேவை என்று அளப்பதை) மூன்று முறை செய்தேன். 18.4, 18.9, 18.6 மி.லி. என்று வந்தது. எங்கள் ஆய்வகத்தில், அடியில் திருகும் பக்கத்தில் அளவுக் கோடுகளும் உள்ள சாதாரண 50 மி.லி. கண்ணாடிக் குழாய், அதாவது பியூரெட்தான். கருவி சரியில்லையா, நான் சரியில்லையா? சராசரி எடுத்து எழுதிவிடலாமா?

பதில்: சராசரி எடுக்க வேண்டாம். ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. உங்கள் அளவுகளில் இருக்கும் 0.5 மி.லி. வித்தியாசம் பத்துத் துளிக்குச் சமம். அத்தனை துளிகள் எங்கே போயின என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கருவி மேல் பழி போடவும் அவசரப்பட வேண்டாம். பியூரெட்டில் கோடுகள் தப்பாக இருந்தால் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தப்புதான் வரும். விடை இப்படி முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் கையிலோ கண்ணிலோ இருக்கும்.

நான் முதலில் சந்தேகப்படுவது கண்ணை. பியூரெட்டைத் தாங்கியில் பொருத்தினால் பூச்சியக் கோடு பல சமயம் நம் தலைக்கு மேலே போய்விடும். அதை அண்ணாந்து பார்க்கிறோம். திரவத்தின் வளைவு குழாயின் நடுவில் இருக்கிறது, கோடுகளோ நம் பக்கத்துக் கண்ணாடியில். அதனால் கீழிருந்து பார்க்கும்போது வளைவு இன்னும் கீழே உள்ள கோட்டில் நிற்பதுபோல் தெரியும். பியூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழே கூடுவதால் தொடக்க அளவு கூடிவிடும். முடிவில் மட்டம் இறங்கியதும் குனிந்து மேலிருந்து பார்க்கிறோம், அந்த அளவு குறைந்துவிடும். இடமாறு தோற்றப் பிழை இப்படி இரண்டு முனையிலும் ஒரே விடையைக் குறைக்கிறது. அதுவும் எவ்வளவு அண்ணாந்தோம், எவ்வளவு குனிந்தோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில்! தாங்கியைத் தரையில் வைத்தாவது, முக்காலியில் ஏறியாவது கண்ணை மட்டத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பாதி கறுப்பு அடித்த வெள்ளை அட்டையைப் பியூரெட்டுக்குப் பின்னால் பிடித்து, கறுப்பின் மேல்விளிம்பை வளைவுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தால் வளைவின் அடி பளிச்சென்று தெரியும். பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் அடி தெரியாது, மேல்விளிம்பைப் படிக்க வேண்டும். எப்படிப் படித்தாலும் தொடக்கமும் முடிவும் ஒரே விதமாக இருக்கட்டும்.

அடுத்து, திருகுக்குக் கீழே உள்ள முனையைப் பாருங்கள். அங்கே காற்றுக்குமிழி இருந்து, பாதியில் வெளியேறினால் அதன் இடத்தைக் கரைசல் நிரப்பும். குடுவைக்குப் போகாத கரைசலும் கணக்கில் சேர்ந்துவிடும். திருகை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டுக் குமிழியை விரட்டுங்கள். புனலை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள், அதில் தங்கிய துளி நடுவில் விழும்.

கழுவுவதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பியூரெட், பிப்பெட் (குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுத்துக் குடுவையில் விடும் குழாய்) இரண்டையும் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால். குடுவையைக் கரைசலால் அலசினால், பிப்பெட்டில் அளந்ததற்கு மேல் கொஞ்சம் உள்ளே இருந்துவிடும். பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதாதீர்கள். சாதாரணக் குமிழ்ப் பிப்பெட்டில் அந்தச் சொட்டைக் கழித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும்.

நிறம் மாறும் முடிவு நிலை நெருங்கும்போது துளித்துளியாக வாருங்கள். பினாப்தலீன் என்ற நிறங்காட்டியில் வரவேண்டியது வெளிர் இளஞ்சிவப்பு, அரை நிமிடம் நிலைத்தால் சரி. அடர்ந்த சிவப்பு வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், அந்த அளவைச் சேர்க்க வேண்டாம். அப்புறம் நிறம் மெல்ல வெளுத்தால் பயப்படாதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அப்படி ஆகும்.

0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் இரண்டு அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அவற்றை மட்டும் சராசரி எடுங்கள். 18.6 என்று எழுதாமல் 18.60 என்று எழுதுங்கள், கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்தையும் பார்த்தீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். முந்தைய அளவை நினைவில் வைத்து அதற்கு ஏற்றாற்போல் படிக்காமல் இருப்பது கடினம். ஆகவே பார்த்த கையோடு எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

அளவுகள் ஒத்துப்போன பிறகும் கருவி மேல் சந்தேகம் தீரவில்லையா? 20 மி.லி. பிப்பெட்டால் நீரை எடுத்து, எடை தெரிந்த குடுவையில் விட்டு நிறுத்துப் பாருங்கள். 30 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 19.9 கிராம் இருக்க வேண்டும். ஐந்து முறை நிறுத்தும் 19.7 என்றே வந்தால், அப்போது பிப்பெட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.